ஏடுகளைக் காப்பாற்றிய பிஷப்

ஏசுநாதர் சிலுவையில் அறையப்பட்டார். அவருடைய சீடர்கள் பல தேசங்களுக்குப் போனார்கள்.

அதற்குப் பிறகு என்ன நடந்தது?

முதல் 300 ஆண்டுகளில் கிறிஸ்தவர்கள் எப்படி வாழ்ந்தார்கள்? எந்த ஊரில் யார் பிஷப்பாக இருந்தார்? யார் யார் கொல்லப்பட்டார்கள்?

இந்தக் கேள்விகளுக்கு இன்று ஓரளவு பதில் கிடைக்கிறது என்றால், அதற்கு முக்கிய காரணம் ஒரு தனி மனிதர். அவர் பெயர் யுசேபியஸ்.

அவர் எழுதிய திருச்சபை சரித்திரம்தான் அந்த வகையில் உலகத்தின் முதல் நூல். சபை சரித்திரத்தின் தந்தை என்று அவரைப் புகழ்கிறார்கள். ஏசியவர்களும் உண்டு. 19-ம் நூற்றாண்டில் வாழ்ந்த பர்க்ஹார்ட் என்ற சுவிட்சர்லாந்து சரித்திர ஆசிரியர், யுசேபியஸ் நேர்மையற்றவர் என்றே எழுதிவிட்டார்.

புகழும் பழியும் ஒருவருக்கே எப்படி வந்தன? அதைத் தெரிந்துகொள்ள அவருடைய குருவிடமிருந்து தொடங்க வேண்டும்.

செல்வத்தை உதறிய குரு

பாலஸ்தீனத்தின் கடற்கரையில் செசரியா என்ற பட்டினம் இருந்தது. ஏரோது மன்னன் கட்டிய துறைமுகம் அது. ரோமாபுரி கவர்னர் வசிக்கும் ஊர். கிரேக்கர்கள், யூதர்கள், சமாரியர்கள், கிறிஸ்தவர்கள் எல்லோரும் அங்கே வாழ்ந்தார்கள்.

ஓரிஜன் என்ற பெரிய வேத பண்டிதர் எகிப்தை விட்டு அந்த ஊருக்கு வந்து, பள்ளிக்கூடம் நடத்தினார். மலைபோல் நூல்களை எழுதிக் குவித்தார். கிறிஸ்தவர் என்பதற்காக சித்ரவதை செய்யப்பட்டு, உடல் நலிந்து, கி.பி. 253-ம் ஆண்டு வாக்கில் இறந்தார்.

சில ஆண்டுகள் கழிந்தன. பெய்ரூட் நகரிலிருந்து பாம்பிலஸ் என்பவர் செசரியாவுக்கு வந்தார். பெரிய பணக்காரக் குடும்பம். உத்தியோகத்தில் உயர்ந்திருக்கலாம். அவரோ சொத்தையெல்லாம் விற்று ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டார். அவருக்கு இருந்த ஒரே ஆசை புத்தகம்!

ஓரிஜனின் நூல்களைத் தேடித் தேடிச் சேர்த்தார். மற்றவர்களின் ஏடுகளையும் வாங்கினார். பெரிய நூல்நிலையம் உருவாயிற்று.

அந்தக் காலத்தில் அச்சு இயந்திரம் கிடையாது. ஒரு புத்தகம் வேண்டுமென்றால் ஒருவர் உட்கார்ந்து எழுத்து எழுத்தாகப் பார்த்து எழுத வேண்டும். இன்னொருவர் ஒப்பிட்டுத் திருத்த வேண்டும். பாம்பிலஸ் தம் கையாலேயே எழுதினார். வேதாகமப் பிரதிகளைத் தயாரித்து வைத்துக்கொண்டு, படிக்க விரும்புகிறவர்களுக்குச் சும்மா கொடுத்தார். ஆண்களுக்கு மட்டும் அல்ல, பெண்களுக்கும் கொடுத்தார்.

அவரிடம் வந்து சேர்ந்த இளைஞர்களில் ஒருவர்தான் யுசேபியஸ். ஏறத்தாழ கி.பி. 260-க்கும் 265-க்கும் இடையில் பிறந்தவர். குருவோடு சேர்ந்து பிரதி எழுதினார். பிழை திருத்தினார். நூல்களுக்கு அட்டவணை போட்டார். அப்படியே படித்துப் படித்துப் பெரிய அறிவாளி ஆனார்.

குருவின் மேல் அவருக்கு இருந்த பாசத்துக்கு ஓர் அடையாளம் உண்டு. பிற்காலத்தில் அவர் தம் பெயரோடு குருவின் பெயரையும் சேர்த்துக்கொண்டார். பாம்பிலஸின் யுசேபியஸ் என்றே உலகம் அவரை அழைத்தது. மகன் தந்தையின் பெயரைத் தாங்குவது போல!

எரிந்த ஏடுகள்

கி.பி. 303-ம் ஆண்டு பிப்ரவரி 23-ந் தேதி. டயோகிளீஷியன் சக்கரவர்த்தியின் தலைநகரான நிக்கோமீதியாவில் கிறிஸ்தவக் கோவிலை இடித்துத் தள்ளினார்கள்.

மறுநாள் அரசாங்க உத்தரவு வந்தது. சாம்ராஜ்யம் முழுவதும் கிறிஸ்தவக் கோவில்களை இடிக்க வேண்டும். அவர்களுடைய வேத நூல்களை எரிக்க வேண்டும். கிறிஸ்தவராக இருக்கும் அதிகாரிகள் பதவி இழப்பார்கள்.

விரைவிலேயே உத்தரவு பாலஸ்தீனத்துக்கு வந்துவிட்டது. சந்தை வெளியில் வேத ஏடுகளைக் குவித்துத் தீ வைத்ததை யுசேபியஸ் கண்ணால் பார்த்தார். வாழ்நாள் முழுவதும் பிரதி எழுதுவதையே தொழிலாகக் கொண்டவர்களுக்கு அந்தத் தீ எப்படி இருந்திருக்கும்!

நல்லவேளையாக, செசரியா நூல்நிலையம் தப்பியது. மனிதர்கள் தப்பவில்லை.

ரோம தெய்வங்களுக்குப் பலி கொடுக்க வேண்டும், மறுத்தால் தண்டனை. பலர் பயந்து பலி கொடுத்தார்கள். சிலர் மறுத்தார்கள். மறுத்தவர்களின் கண்ணைத் தோண்டினார்கள். கால் நரம்பைச் சுட்டார்கள். சுரங்கத்தில் வேலை செய்ய அனுப்பினார்கள். தலையை வெட்டினார்கள்.

கவர்னரின் கையைப் பிடித்த வாலிபன்

யுசேபியஸ் வசித்த வீட்டிலேயே அப்பியானஸ் என்ற வாலிபன் தங்கியிருந்தான். இன்னும் 20 வயது ஆகவில்லை. பெய்ரூட்டில் படித்தவன். பணக்கார வீட்டுப் பிள்ளை.

306-ம் ஆண்டு ஒருநாள் யாரிடமும் சொல்லாமல் அவன் வீட்டைவிட்டு வெளியேறினான். கவர்னர் அர்பானஸ் தெய்வத்துக்குப் பலி செலுத்திக்கொண்டிருந்த இடத்துக்குப் போனான். காவலாளர்களைத் தாண்டி உள்ளே புகுந்தான். கவர்னரின் வலது கையைப் பிடித்துத் தடுத்துவிட்டான்!

அர்பானஸ் திகைத்துப் போனான். காவலர்கள் பாய்ந்தார்கள்.

அந்த வாலிபன் பட்ட பாடு கொஞ்சம் அல்ல. எண்ணெயில் நனைத்த துணியைக் காலில் சுற்றி நெருப்பு வைத்தார்கள். அவன் மசியவில்லை. கடைசியில் கடலில் எறிந்துவிட்டார்கள். அப்போது நிலம் அதிர்ந்தது என்றும், அவன் உடலைக் கடல் கரையில் கொண்டுவந்து ஒதுக்கியது என்றும், ஊரே அதைப் பார்த்தது என்றும் யுசேபியஸ் எழுதிவைத்திருக்கிறார்.

நேற்று வரை ஒரே வீட்டில் இருந்தவன், இன்று பிணம். யுசேபியஸ் சரித்திரம் எழுதியபோது இது புத்தகத்தில் படித்த விஷயம் அல்ல.

சிறையில் எழுதிய நூல்

307-ம் ஆண்டு நவம்பர் மாதம் பாம்பிலஸைக் கைது செய்தார்கள். பலி கொடுக்கும்படி கவர்னர் அர்பானஸ் மிரட்டினான். பாம்பிலஸ் மறுத்தார். அவருடைய விலாவைக் கிழித்தார்கள். அப்படியும் இணங்கவில்லை. சிறையில் தள்ளினார்கள்.

இந்த அர்பானஸின் கதையும் விசித்திரமானது. அடுத்த ஆண்டே அவன் சக்கரவர்த்தியின் கோபத்துக்கு ஆளாகி, அதே செசரியாவில் மரண தண்டனை பெற்றான்.

பாம்பிலஸ் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் சிறையில் இருந்தார். காயம் பட்ட உடல். நாளைக்குத் தலை இருக்குமோ இருக்காதோ தெரியாது. அந்த நிலையில் குருவும் சீடரும் சேர்ந்து ஒரு நூல் எழுதினார்கள்!

தம்மைக் காப்பாற்றிக்கொள்ளும் நூல் அல்ல அது. எப்போதோ இறந்துபோன ஓரிஜனின் கொள்கைகளைச் சில கிறிஸ்தவர்களே குறை சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பதில் அது. சிறைக்குள் ஐந்து பாகங்கள் முடிந்தன. ஆறாவது பாகத்தை யுசேபியஸ் தனியாக எழுத வேண்டியதாயிற்று.

310-ம் ஆண்டு பிப்ரவரி 16-ந் தேதி பாம்பிலஸின் தலையை வெட்டினார்கள். அப்போது கவர்னராக இருந்தவன் பெர்மிலியன்.

பாம்பிலஸின் வீட்டில் போர்பிரியஸ் என்று ஒரு வேலைக்காரப் பையன் இருந்தான். 18 வயதுகூட நிரம்பவில்லை. கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். பாம்பிலஸே அவனுக்குப் பிரதி எழுதப் பழக்கியிருந்தார்.

தண்டனைச் செய்தி கேட்டதும் அவன் கூட்டத்தில் இருந்து குரல் கொடுத்தான். எஜமானரின் உடலை அடக்கம் செய்ய அனுமதி வேண்டும் என்று கேட்டான். அவ்வளவுதான். அவனையும் பிடித்தார்கள். எலும்பு தெரியும்வரை இரும்புச் சீப்பால் கிழித்தார்கள். பிறகு மெல்ல மெல்ல எரியும் தீயில் அவனை எரித்துக் கொன்றார்கள்.

அன்று செத்தவர்கள் மொத்தம் 12 பேர். நாய் நரி தின்னட்டும் என்று உடல்களைப் போட்டுக் காவல் வைத்தார்கள். நான்கு நாள் எந்த மிருகமும் அண்டவில்லை. அதன் பிறகே அடக்கம் நடந்தது.

யுசேபியஸ் உயிரோடு இருந்தார். அது எப்படி என்ற கேள்வி கடைசிவரை அவரை விடவில்லை.

யாரும் போகாத பாதை

யுசேபியஸ் தீரு நகருக்குப் போனார். எகிப்துக்குப் போனார். அங்கேயும் கொலைதான். வெட்டி வெட்டி வாள் மழுங்கியதையும், வெட்டுகிறவர்கள் சோர்ந்துபோய் ஆள் மாறியதையும் பார்த்ததாக அவர் எழுதினார்.

311-ம் ஆண்டு சக்கரவர்த்தி கலேரியஸ் சாகும் தறுவாயில் கொடுமையை நிறுத்த உத்தரவிட்டான். 313-ம் ஆண்டு கான்ஸ்டன்டைனும் லிசினியசும் மிலான் நகரில் கூடிப் பேசி, கிறிஸ்தவர்களுக்கு முழு உரிமை கொடுத்தார்கள். அந்தச் சமயத்தில் யுசேபியஸ் செசரியாவின் பிஷப் ஆனார்.

அவருடைய பெரிய நூலான திருச்சபை சரித்திரம் இந்தக் காலத்தில்தான் வளர்ந்தது. மொத்தம் பத்துப் பாகம். ஏசுநாதரில் தொடங்கி, 324-ம் ஆண்டு வரை வருகிறது.

அதற்கு முன்பே அவர் இன்னொரு வேலை செய்திருந்தார். யூதர், எகிப்தியர், கிரேக்கர், ரோமர் என்று ஒவ்வொரு தேசத்து மன்னர்களின் ஆண்டுகளையும் பத்தி பத்தியாகப் பக்கத்தில் பக்கத்தில் எழுதினார். ஒரு பக்கத்தைத் திருப்பினால் போதும். இந்த மன்னன் இங்கே ஆண்டபோது அங்கே யார் ஆண்டார் என்று தெரிந்துவிடும். ஆண்டுக்கணக்குச் சரியாக இருந்தால்தான் சரித்திரம் நிற்கும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

அவர் சரித்திரம் எழுதிய முறையே புதிது. பழைய கிரேக்க, ரோம ஆசிரியர்கள் மன்னர்களும் தளபதிகளும் பேசியதுபோலப் பிரசங்கங்களைத் தாங்களே கட்டி எழுதுவார்கள். படிக்க அழகாக இருக்கும். யுசேபியஸ் அப்படிப் போகவில்லை. கோர்ட்டில் வக்கீல் தஸ்தாவேஜு தாக்கல் செய்வதுபோலச் செய்தார். இன்னார் எழுதிய இன்ன நூலில் இப்படி இருக்கிறது என்று சொல்லி, அந்தப் பகுதியை அப்படியே எடுத்து எழுதினார். கடிதங்கள், அரசாங்க உத்தரவுகள், பிஷப்புகளின் பட்டியல்கள் எல்லாம் அதில் ஏறின.

அவர் பார்த்த ஏடுகளில் பெரும்பாலானவை பின்னால் அழிந்து போயின. அவர் எடுத்து எழுதிய துண்டுகள் மட்டும் மிஞ்சின.

ஓர் உதாரணம். 177-ம் ஆண்டு, பிரான்ஸ் நாட்டில் உள்ள லியோன் நகரில் கிறிஸ்தவர்களைக் கொன்றார்கள். அங்கே பிஷப்பாக இருந்த பொத்தினஸ் 90 வயதைத் தாண்டிய கிழவர். அடி தாங்காமல் சிறையில் இறந்தார்.

அவர்களோடு பிளாண்டினா என்ற அடிமைப் பெண்ணும் பிடிபட்டாள். மெலிந்த உடம்பு. ஒரு நாள் தாங்குவாளா என்று அவளுடைய எஜமானி அம்மாளே பயந்தாள். காலை முதல் மாலை வரை ஆள் மாறி ஆள் மாறி சித்ரவதை செய்தவர்கள்தான் களைத்தார்கள். அவளைக் கம்பத்தில் கட்டி மிருகங்களை அவிழ்த்துவிட்டார்கள். அவை தொடவில்லை. கடைசியில் வலையில் சுற்றிக் காளையின் முன்னே போட்டுக் கொன்றார்கள்.

தப்பியவர்கள் இதையெல்லாம் ஒரு கடிதமாக எழுதி ஆசியா நாட்டுச் சபைகளுக்கு அனுப்பினார்கள். 130 ஆண்டுகளுக்குப் பிறகு அந்தக் கடிதம் யுசேபியஸ் கையில் கிடைத்தது. அவர் அதை எடுத்து எழுதியிராவிட்டால் அந்த அடிமைப் பெண்ணின் பெயர்கூட இன்று யாருக்கும் தெரிந்திராது.

இந்தியாவைப் பற்றியும் ஒரு செய்தி அவருடைய நூலில் இருக்கிறது. அலெக்சாந்திரியாவைச் சேர்ந்த பந்தேனஸ் என்ற ஆசிரியர் இந்தியாவுக்குப் போனாராம். பர்த்தலோமேயு என்ற சீடர் விட்டுச்சென்ற மத்தேயு சுவிசேஷம், எபிரேய எழுத்தில், அங்கே இருந்ததாம். தென் அரேபியாவையும் எத்தியோப்பியாவையும்கூட அந்தக் காலத்தவர் இந்தியா என்று சொல்வது உண்டு. ஆகவே இது எந்த இந்தியா என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள்.

அவர் ஏமாந்த இடங்களும் உண்டு. எடெஸ்ஸா நகரத்து அப்கார் மன்னன் ஏசுநாதருக்குக் கடிதம் எழுதியதாகவும், அவர் பதில் அனுப்பியதாகவும் இரண்டு கடிதங்களை உண்மை என்று நம்பி எடுத்துப் போட்டுவிட்டார். அவை பிற்காலத்தவர் கட்டியவை என்பதே இன்றைய அறிஞர்களின் முடிவு.

சக்கரவர்த்தியின் விருந்து

325-ம் ஆண்டு. கான்ஸ்டன்டைன் சாம்ராஜ்யம் முழுவதையும் ஒரே குடையின் கீழ் கொண்டுவந்துவிட்டார். கிறிஸ்தவர்களுக்குள் புதுச் சண்டை மூண்டிருந்தது.

ஏரியஸ் என்ற குருவானவர், தேவகுமாரன் பிதாவினால் உண்டாக்கப்பட்டவரே என்று போதித்தார். மற்றவர்கள் கொதித்தெழுந்தார்கள். யுசேபியசுக்கு ஏரியஸ்மேல் அனுதாபம். அதனால் அந்தியோகியாவில் கூடிய பிஷப்புகள் அவரையே தற்காலிகமாக விலக்கி வைத்துவிட்டார்கள். அப்போது அவருக்கு 60 வயதுக்கு மேல் இருக்கலாம்.

சில மாதங்களில் நைசியாவில் மகாசபை கூடியது. வந்த பிஷப்புகள் 250-க்கும் அதிகம். யுசேபியஸ் எழுந்து, செசரியா சபையார் பரம்பரையாகச் சொல்லிவரும் விசுவாச அறிக்கையை வைத்தார். சக்கரவர்த்தி அதை ஒப்புக்கொண்டார். பிதாவும் குமாரனும் ஒரே தத்துவம் உடையவர்கள் என்ற சொல்லைச் சேர்க்கச் சொன்னார். அந்தச் சொல்தான் யுசேபியசுக்கு இடறியது. யோசித்தார். முடிவில் கையெழுத்துப் போட்டார். தாம் ஏன் கையெழுத்துப் போட நேர்ந்தது என்று ஊராருக்கு நீண்ட கடிதம் எழுதினார். அந்தக் கடிதத்தில் ஒரு தர்மசங்கடம் தெரிகிறது.

சபை முடிந்ததும் அரண்மனையில் விருந்து. உருவிய வாளோடு ராணுவ வீரர்கள் வாசலில் வரிசையாக நின்றார்கள். பிஷப்புகள் பயம் இல்லாமல் அவர்களுக்கு நடுவே நடந்து உள்ளே போனார்கள். சிலர் சக்கரவர்த்தியோடு ஒரே இருக்கையில் அமர்ந்து சாப்பிட்டார்கள்!

15 ஆண்டுகளுக்கு முன்னால் இதே மாதிரி வாள்தான் பாம்பிலஸின் கழுத்தில் விழுந்தது. குருவை அப்படி இழந்த யுசேபியசுக்கு இந்த விருந்து சொர்க்க ராஜ்யம்போலத் தோன்றியதில் வியப்பு இல்லை. கான்ஸ்டன்டைன் எது செய்தாலும் அவருக்குச் சரியாகப்பட்டது இங்கேதான் தொடங்கியது.

எழுதாமல் விட்டது

கான்ஸ்டன்டைனின் மூத்த மகன் கிரிஸ்பஸ். வீரன். 324-ம் ஆண்டு கடற்போரில் லிசினியசைத் தோற்கடித்தவன். யுசேபியஸ் தம் சரித்திரத்தின் முடிவில் அவனை மனமாரப் புகழ்ந்தார்.

326-ம் ஆண்டு தகப்பனே மகனைக் கொல்ல உத்தரவிட்டார். சிறிது காலத்தில் அரசி பாஸ்டாவும் செத்தாள்.

பின்னால் யுசேபியஸ் கான்ஸ்டன்டைனின் வாழ்க்கையை நான்கு பாகங்களாக எழுதினார். அதில் கிரிஸ்பஸின் பெயரே இல்லை. அப்படி ஒரு மகன் பிறந்ததாகவே தெரியாது! அடிமைப் பெண்ணின் பெயரைக் காப்பாற்றியவர், இளவரசனின் பெயரை மறைத்துவிட்டார். பர்க்ஹார்டுக்குக் கோபம் வந்தது இதுபோன்ற இடங்களால்தான். கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை.

இன்னொன்று. வானத்தில் கான்ஸ்டன்டைன் சிலுவையைக் கண்ட கதை உலகப் பிரசித்தம். சரித்திர நூலில், 312-ம் ஆண்டுப் போரை விவரிக்கும் இடத்தில், யுசேபியஸ் அதைச் சொல்லவில்லை. பல ஆண்டு கழித்து எழுதிய வாழ்க்கை வரலாற்றில்தான் சொல்கிறார். சக்கரவர்த்தியே தம்மிடம் சத்தியம் செய்து சொன்னதாகவும், வேறு யாராவது சொல்லியிருந்தால் நம்புவது கடினம் என்றும் சேர்த்துக்கொள்கிறார். முழுப் பொறுப்பையும் சக்கரவர்த்தி தலையில் வைத்துவிட்டார்!

ஆனால் பதவிக்கு ஆசைப்பட்டவர் என்று அவரைச் சொல்ல முடியாது. அந்தியோகியாவின் பெரிய பிஷப் பதவி அவரைத் தேடி வந்தது. செசரியாவையும் நூல்நிலையத்தையும் விட்டுப் போக அவருக்கு மனம் இல்லை. வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

கான்ஸ்டான்டிநோபிள் கோவில்களுக்காக 50 வேதாகமப் பிரதிகள் வேண்டும் என்று சக்கரவர்த்தி அவருக்கு எழுதினார். உயர்ந்த தோல் தாளில், தேர்ந்த எழுத்தர்கள் எழுத வேண்டும். கொண்டுவர இரண்டு அரசாங்க வண்டிகள். ஏடுகளை எரிக்க உத்தரவு போட்ட அதே அரசாங்கத்தின் செலவில் இப்போது ஏடுகள் தயாராயின. பாம்பிலஸ் தொடங்கிய எழுத்துக்கூடத்தை நடத்திவந்த யுசேபியஸ் 50-யும் எழுதுவித்து அனுப்பினார்.

ஒற்றைக்கண்ணர் கேட்ட கேள்வி

335-ம் ஆண்டு தீரு நகரில் பிஷப்புகளின் விசாரணை. அலெக்சாந்திரியா பிஷப் அதனேஷியஸ்மீது குற்றச்சாட்டு. விசாரிக்க உட்கார்ந்தவர்களில் யுசேபியசும் ஒருவர். அவருக்கு 70 வயதுக்கு மேல் இருக்கலாம்.

எகிப்திலிருந்து வந்த பொட்டாமன் என்ற பிஷப்புக்கு ஒரு கண் இல்லை. கொடுமைக் காலத்தில் பறிபோன கண் அது. யுசேபியஸ் நீதிபதியாக அமர்ந்திருப்பதைக் கண்டு அவர் கொதித்தார். இருவரும் ஒரே சிறையில் இருந்ததைச் சபை நடுவே நினைவுபடுத்தினார். தம் கண் போயிற்று; யுசேபியசுக்கோ உடம்பில் ஒரு வடு இல்லை. பலி கொடுக்காமல், கொடுப்பதாக வாக்குச் சொல்லாமல் வெளியே வந்தது எப்படி என்று கேட்டார்.

சபை உறைந்து போயிற்று. யுசேபியஸ் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. கோபமாக எழுந்து அன்றைய கூட்டத்தைக் கலைத்துவிட்டார். பிற்பாடு வாழ்ந்த எப்பிபானியஸ் என்ற பிஷப் இதை எழுதி வைத்திருக்கிறார்.

அவர் பலி கொடுத்தார் என்பதற்கு எந்தச் சாட்சியமும் இல்லை. கொடுத்திருந்தால், அந்த ஊரிலேயே அவரைப் பிஷப் ஆக்கியிருக்கமாட்டார்கள். பாம்பிலஸின் ரத்தம் காய்ந்து நான்கு ஆண்டுகூட ஆகவில்லையே! ஆனால் தப்பிப் பிழைத்தவர்மேல் சந்தேகம் விழுவது எளிது.

337-ம் ஆண்டு மே 22-ந் தேதி கான்ஸ்டன்டைன் காலமானார். சாவதற்குச் சற்று முன்புதான் ஞானஸ்நானம் பெற்றார். கொடுத்தவர் பெயரும் யுசேபியஸ்தான். அவர் வேறு, நிக்கோமீதியாவின் பிஷப். இருவரையும் குழப்பிக்கொள்கிறவர்கள் அநேகம். சரித்திர ஆசிரியரான யுசேபியஸ் 339-ம் ஆண்டு வாக்கில் இறந்தார்.

குருவின் வாழ்க்கையை அவர் மூன்று பாகங்களில் எழுதியிருந்தார். அது அழிந்துவிட்டது. அவருக்குப் பின் பிஷப் ஆன அக்கேசியஸ், யுசேபியஸின் வாழ்க்கையை எழுதினார். அதுவும் அழிந்துவிட்டது. செசரியா நூல்நிலையமும் காலப்போக்கில் மறைந்தது.

திருச்சபை சரித்திரம் மறையவில்லை. சிரியா மொழி, லத்தீன், ஆர்மீனிய மொழி என்று பல மொழிகளில் போயிற்று. அவர் விட்ட இடத்திலிருந்து சாக்ரட்டீஸ், சோசோமன், தியோடரெட் என்ற மூவர் 5-ம் நூற்றாண்டில் தொடர்ந்து எழுதினார்கள்.

பாலஸ்தீனத்தில் கொல்லப்பட்டவர்களைப் பற்றி மட்டும் அவர் தனியாக ஒரு நூல் எழுதியிருந்தார். அதன் விரிவான கிரேக்க மூலம் சிதைந்துவிட்டது. ஆனால் எடெஸ்ஸா நகரில் ஓர் எழுத்தர் 411-ம் ஆண்டு சிரியா மொழியில் அதைப் பிரதி எடுத்தார். அந்தப் பிரதி எகிப்துப் பாலைவனத்து மடம் ஒன்றில் பல நூற்றாண்டுகள் கிடந்தது. 19-ம் நூற்றாண்டில் லண்டனுக்கு வந்தது. இன்றும் அங்கே இருக்கிறது. எஜமானரின் உடலைக் கேட்டுச் செத்த போர்பிரியஸின் கதை அதில் முழுமையாக உள்ளது.